எண்ணெய் கசியும் எஞ்சின்



பழைய மோட்டார் கார் ஒன்று நெடுநாளாக நின்றுவரும் இடத்தை, அந்தக் கார் வெளியே சென்றிருக்கும் வேளையிலும் எளிதில் கண்டுகொள்ளலாம். தரையில் உள்ளங்கை அகலத்தில் கறுத்த வட்டம் ஒன்று படிந்திருக்கும். என் வீட்டு முற்றத்திலும் அத்தகைய வட்டம் ஒன்று உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் பௌதிகம் கற்பித்த எனக்கு, அந்த வட்டம் கற்பித்த பாடங்கள் சில. அவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இன்று வந்திருக்கிறேன்.

கோவை நாட்டில் இயந்திரத்தைப் பற்றிப் பேசுவதற்கு அச்சம் வேண்டுவதில்லை. 1920-ஆம் ஆண்டிலேயே பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டிய ஜி. டி. நாயுடு அவர்கள் பிறந்த மண் இது. அவர் நிறைந்த கல்லூரிப் படிப்பு உடையவர் அல்லர். ஆயினும், ஓர் இயந்திரத்தைக் கண்டால் அதைக் கழற்றிப் பார்த்து, அது ஏன் ஓடுகிறது, ஏன் நிற்கிறது என்று அறியாமல் விடாதவர். அவர் பெயர் விளங்கும் கார்க் காட்சியகம் ஒன்று இன்று அவிநாசி சாலையில் இருக்கிறது. வாய்ப்புள்ள மாணவர்கள் ஒருமுறை சென்று காண்பது நலம்.

என்னுடைய கார் காட்சியகத்தில் வைக்கத்தக்கது அன்று. 1968-ஆம் ஆண்டில் உருவான அம்பாசிடர் மார்க் 2 அது. என் தந்தையார் வெல்ல மண்டி நடத்திய காலத்தில் வாங்கியது. இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் காரின் வடிவைக் கொண்டு, வங்காளத்தின் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1950-களின் இறுதியிலிருந்து 2014 வரை இக்காரைச் செய்துவந்தனர். நான்கு சிலிண்டர்களும் 1,489 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடைய எஞ்சின் அதில் இருக்கிறது. முன்மூடியைத் தூக்கினால் ஒவ்வோர் உறுப்பும் கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். கற்றுக்கொள்ள விரும்புவோர்க்கு இதனினும் நல்ல பாடநூல் அரிது.

முதலில், எஞ்சினுக்குள் எண்ணெய் எதற்கு என்பதைக் காண்போம். வேகமாகச் சுழலும் இரும்பும் அதைத் தாங்கும் பேரிங்கும் நேரே உரசினால் நொடிப்பொழுதில் சூடேறி ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். இடையே மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று நின்று, இரண்டையும் தொடவிடாமல் காக்கிறது. அடியிலுள்ள தொட்டியில் எண்ணெய் தேங்கி நிற்கும். அத்தொட்டியைச் சம்ப் என்பர். அங்கிருந்து பம்பு அதை மேலே செலுத்துகிறது. பணி முடித்த எண்ணெய் மீண்டும் வழிந்து தொட்டிக்கே வந்து சேருகிறது.

எஞ்சின் என்பது ஒரே வார்ப்பு அன்று. பிளாக்கு, அதன் மேல் ஹெட், அதன் மேல் தகட்டாலாகிய மேல்மூடி, பக்கவாட்டில் இரண்டு சிறு மூடிகள், முன்புறம் ஒரு மூடி, அடியில் சம்ப் என்று பல துண்டுகள் போல்ட்டுகளால் இணைக்கப்பட்டவை. இரண்டு உலோகப் பரப்புகள் கண்ணுக்கு எத்துணை வழவழப்பாகத் தோன்றினாலும், நுண்ணோக்கியில் அவை மேடும் பள்ளமுமாகவே காணப்படும். அப்பள்ளங்களின் வழியே எண்ணெய் வெளியேறாதபடி இடையே வைக்கும் மென்மையான தகடே கேஸ்கட். நம் பட்டறைகளில் இதைப் பேக்கிங் என்றே வழங்குவர். உங்கள் வீட்டுக் குக்கர் மூடியில் இருக்கும் ரப்பர் வளையமும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. அது தேய்ந்த நாளில் குக்கர் விசிலடிக்காமல் ஓரத்தில் சீறுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

பழைய எஞ்சின்களின் மேல்மூடிக்கும் சம்புக்கும் பெரும்பாலும் தக்கையாலாகிய பேக்கிங் இடுவார்கள். தக்கை என்பது ஓக் இன மரம் ஒன்றின் பட்டை. போர்ச்சுகல் நாட்டில் இது மிகுதி. மரத்தை வெட்டாமல், ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை பட்டையை மட்டும் உரித்தெடுப்பர். 1665-இல் ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தது இத்தக்கையைத்தான். அதில் கண்ட சிறு அறைகளுக்கு அவர் இட்ட பெயரையே உயிரியலார் இன்றும் செல் என்று வழங்குகின்றனர். காற்றடைந்த அந்த அறைகளே தக்கையின் சிறப்பு. ரப்பரை அழுத்தினால் அது பக்கவாட்டில் பிதுங்கும். தக்கையை அழுத்தினால் அறைகள் சுருங்குமேயன்றிப் பக்கவாட்டில் பிதுங்குவது மிகக் குறைவு. ஆகவே அது தன் இடத்திலேயே நின்று பள்ளங்களை நிரப்புகிறது. ஆனால், ஆண்டுக்கணக்கில் வெப்பத்தில் வெந்தபின் அது கருகி இறுகி, பிஸ்கட்டைப்போல் முறியும். அப்போதுதான் கசிவு தொடங்குகிறது.

ஒரு நிமிடத்திற்கு ஒரு துளி சொட்டினால் என்ன குடிமுழுகிவிடும் என்று சிலர் கேட்பர். கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு நாளில் நிமிடங்கள் 1,440. இருபத்தைந்து துளிகள் ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 58 மில்லிலிட்டர். திங்களுக்கு ஒன்றே முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. சம்பில் உள்ள எண்ணெயில் இது பெரும்பங்கு. அளவுகோலை எடுத்துப் பாராதவன் ஒருநாள் வழியில் நிற்பான். நான் நின்றேன்.

1997-ஆம் ஆண்டு மே மாதம் அது. என் தந்தையார் காலமானபின் கார் எங்கள் ஊர்த் தோட்டத்துக் கொட்டகையில் பல மாதங்கள் ஓடாமல் கிடந்தது. பிறகு நான் அதைக் கோவைக்குக் கொண்டுவந்தேன். வந்தது முதல் சம்பின் ஓரத்தில் எண்ணெய் கசிந்தது. ஒரு பட்டறையில் பேக்கிங்கை மாற்றினார்கள், கசிவு நிற்கவில்லை. மறுமுறை நானே புதிய பேக்கிங் வாங்கி மாற்றினேன். இம்முறை கசியவே கூடாது என்னும் பிடிவாதத்தில், ஸ்பேனரின் வாலில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி, என் வலிமை முழுவதையும் செலுத்தி இறுக்கினேன். கசிவு முன்னிலும் மிகுந்தது.

அந்நிலையில் உறவினர் திருமணம் ஒன்றுக்காக வால்பாறைக்குப் புறப்பட்டோம். பின் இருக்கையில் என் தாயாரும் என் இரு குழந்தைகளும். ஆழியாற்றிலிருந்து மலையேறும் அப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 40. சமவெளியில் அடங்கியிருந்த கசிவு, ஏற்றத்தில் பெருகிற்று. பாதி மலை ஏறுவதற்குள் கருகும் நாற்றம் எழுந்தது. முன்மூடியின் இடுக்குகளில் புகை வந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி அனைவரையும் இறக்கினேன். எண்ணெய் அளவுகோலை உருவிப் பார்த்தால் அதன் நுனிகூட நனையவில்லை. கசிந்த எண்ணெய் சூடான புகைக்குழாயின்மேல் விழுந்து புகைந்துகொண்டிருந்தது. சற்றே தாமதித்திருந்தால் எஞ்சின் இறுகியிருக்கும், அல்லது தீப்பற்றியிருக்கும். வளைவில் எஞ்சின் இறுகினால் வண்டி என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அவ்வழியே வந்த தேயிலை லாரி ஓட்டுநர் ஒருவர் தம்மிடமிருந்த எண்ணெயைக் கொடுத்து உதவினார். ஆறவிட்டு, நிரப்பி, மெல்ல ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம்.

கோவைக்குத் திரும்பியதும், நண்பர் ஒருவர் சொற்படி, உக்கடத்துப் பக்கம் சிறு கொட்டகை ஒன்றில் பட்டறை வைத்திருந்த முதிய மேஸ்திரி ஒருவரிடம் காரைக் கொண்டுபோனேன். அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியை மட்டும் மெல்லத் திருகி எடுத்தார். இட்லிப் பானையின் மூடியைத் திறந்ததுபோல் குபீரென்று ஆவி எழுந்தது. பின்னர்க் கீழே குனிந்து, எஞ்சினின் பக்கமூடியிலிருந்து இறங்கும் மூச்சுக்குழாயின் வாயில் ஒரு கம்பியை நுழைத்துக் கிளறினார். உலர்ந்த மண்கட்டிகள் உதிர்ந்தன. குளவிக் கூடு! கொட்டகையில் கார் கிடந்த மாதங்களில் குளவி ஒன்று அங்கே குடியேறியிருக்கிறது. உள்ளே எஞ்சியிருந்த இடத்தை எண்ணெய்க் கசடு அடைத்திருந்தது.

"ஏனுங்க சார், வண்டி மூச்சு உடறதுக்கே வழியில்லீங்களே, பேக்கிங்கை மாத்தி என்னுங்க ஆகும்?" என்றார் அவர்.

வெட்கம் என்பது யாது என்று அன்று அறிந்தேன். சிலிண்டரில் எரியும் வாயுவில் ஒரு சிறு பகுதி எப்போதும் பிஸ்டனைக் கடந்து கீழே இறங்கும். அது வெளியேறவே மூச்சுக்குழாய் இருக்கிறது. குழாய் அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். மூடிய கலத்தில் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகச் செயற்படும் என்ற பாஸ்கலின் விதியை, அந்த ஆண்டு மார்ச்சு மாதம்வரை நான் வகுப்பில் நடத்தியிருந்தேன். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வெறும் 50 கிராம் அழுத்தம் என்று கொண்டாலும், ஆயிரம் சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள சம்பின்மேல் அது 50 கிலோ பளுவாகும். எந்த இணைப்பு மெலிந்ததோ அதன் வழியே எண்ணெய் பிதுங்கத்தான் செய்யும். மலையேறும்போது எஞ்சினின் சுமை மிகும், கீழிறங்கும் வாயுவும் மிகும், கசிவும் மிகும். விதி எனக்குத் தெரிந்திருந்தது. அது என் காருக்கும் பொருந்தும் என்பதுதான் தெரியவில்லை.

மற்றொரு குற்றத்தையும் அவர் காட்டினார். சம்பைக் கழற்றி, அதன் ஓரத்தின்மேல் ஓர் இரும்புச் சட்டத்தை வைத்தார். ஒவ்வொரு போல்ட்டுத் துளையின் அருகிலும் தகடு பேக்கிங்கின் பக்கமாகப் புடைத்திருந்தது. இரு துளைகளுக்கு இடையே வெளிச்சம் தெரிந்தது. எட்டு மில்லிமீட்டர் போல்ட்டு ஒன்றை, இருபது சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரால் பத்துக் கிலோ விசையில் இறுக்கினால், அது ஏறத்தாழ 1,200 கிலோ விசையோடு தகட்டை அமுக்கும். மெல்லிய தகடு அதைத் தாங்காது. குழாய் செருகி நெம்புகோலை நீட்டிய நான், துளையருகே பேக்கிங்கை நசுக்கி, இடையில் வழி திறந்துவிட்டேன். இறுக்க இறுக்கக் கசிவு கூடியதன் காரணம் இதுவே.

அன்று அவரிடம் கற்ற முறையை இனி வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, கசிவின் பிறப்பிடத்தைக் காண வேண்டும். சொட்டும் இடம் வேறு, பிறக்கும் இடம் வேறு. எண்ணெய் மேலிருந்து கீழே வழியும்; வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆதலின் நனைந்த பகுதிகளுள் மிக உயர்ந்ததும் மிக முன்னதும் எதுவோ, அங்கே ஐயங்கொள்ள வேண்டும். எஞ்சின் நன்றாக ஆறியபின், பழைய அழுக்கைச் சோப்பு நீரால் கழுவித் துடைத்து உலர்த்துங்கள். ஐயமுள்ள இணைப்புகளில் சாக்குக்கட்டித் தூளைத் தூவுங்கள். சிறிது நேரம் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்திப் பார்த்தால், வெண்தூளில் கறுத்த கோடு எங்கே தொடங்குகிறதோ அதுவே ஊற்றுக்கண். ஆசிரியர் வீட்டில் சாக்குக்கட்டிக்குப் பஞ்சமில்லை!

இரண்டாவது, மூச்சுக்குழாயைச் சோதிக்க வேண்டும். செலவற்ற இந்த வேலையைச் செய்யாமல் செலவுள்ள வேலையில் இறங்கலாகாது.

மூன்றாவது, மேலிருந்து கீழாகச் செல்ல வேண்டும். இந்த எஞ்சினின் மேல்மூடியை இரண்டே நட்டுகள் பிடித்திருக்கின்றன. அவற்றைக் கழற்றி, பழைய தக்கையை நீக்கி, இரு பரப்புகளையும் துடைத்து, மூடியின் ஓரம் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். புதிய தக்கை கடையில் கிடந்து உலர்ந்து சுருங்கியிருந்தால், சிறிது நேரம் வெந்நீரில் ஊறவைத்தால் தன் அளவுக்குத் திரும்பும். பசையை மூடியின் பக்கம் மட்டும் மெல்லத் தடவுங்கள். ஹெட்டின் பக்கம் வேண்டா. அப்போதுதான் அடுத்த முறை கழற்றும்போது தக்கை கிழியாது. தக்கை சற்றே அமுங்கும்வரை இறுக்கினால் போதும். பக்கமூடிகளுக்கும் இதே விதி.

நான்காவது, சம்ப். காரின் அடியில் படுக்கும் முன், வண்டியை வலிய தாங்கிகளின்மேல் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் கீழே செல்லாதீர்கள். உயிர் போனவர் உண்டு. எண்ணெயை இளஞ்சூட்டில் வடித்துவிட்டுச் சம்பைக் கழற்றி, புடைத்த துளைகளைச் சமனான இரும்பின்மேல் வைத்து மெல்லத் தட்டி நேராக்குங்கள். முன்னும் பின்னும் பேரிங் மூடிகளின் வளைவில் இடும் தக்கைப் பட்டைகளை மறவாதீர்கள். போல்ட்டுகள் எல்லாவற்றையும் கையால் திருகியபின், எதிரெதிராக மாறி மாறி, இரண்டு மூன்று சுற்றுகளில், சிறிய ஸ்பேனரால் இறுக்குங்கள்.

ஹெட் பேக்கிங்கை மாற்றுவது பழகியவர் மேற்பார்வையில் செய்யத்தக்கது. அங்கே நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, படிப்படியாக, கைந்நூலில் குறித்த அளவுக்கு, விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். பாயை விரிக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுருக்கத்தைத் தள்ளுகிறோம் அல்லவா? அதே கருத்துத்தான் இதுவும்.

இவ்வளவும் செய்தபின்னும் ஓரிரு துளி சொட்டக்கூடும். இவ்வகை எஞ்சினின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. கிராங்குத் தண்டிலேயே வெட்டிய திருகுக் காடி ஒன்று, சுழலும்போது எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்கிறது. சுழற்சி நின்றால் சிறிது வடியும். அது அதன் அமைப்பு. எதைத் திருத்த வேண்டும், எதைப் பொறுத்துக்கொண்டு அளவுகோலை அடிக்கடி பார்க்க வேண்டும் என்று பிரித்தறிவதும் தொழிலறிவே.

இனி நான் சொல்லவிருப்பது, எனக்கு மகிழ்ச்சி தராத செய்தி. பழைய எஞ்சின்களின் ஹெட் பேக்கிங்குகள் பலவற்றில் செப்புத் தகடுகளுக்கு இடையே கல்நார் இருக்கும். கல்நாரின் எல்லா வகைகளும் மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தார் உறுதிசெய்த உண்மை. அதன் நுண்ணிய நார்கள் மூச்சோடு நுரையீரலுக்குட் சென்று தங்கும். நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகும். அந்த மேஸ்திரி என் காரின் ஹெட் பேக்கிங்கை மாற்றியபோது, பழையதை உலர்ந்தபடியே சுரண்டி, தூளை வாயால் ஊதினார். பக்கத்திலிருந்த நான் கல்நாரைப் பற்றிப் படித்திருந்தேன். ஆயினும், தொழில் வல்லவருக்கு நாம் என்ன சொல்வது என்று வாளாவிருந்தேன். அவர் தாம் அறிந்ததை எனக்கு மறைக்காமல் சொன்னார்; நான் அறிந்ததை அவருக்குச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்குப்பின் அவர் மூச்சுநோயால் வருந்தி மறைந்தார். அந்தத் தூளே காரணம் என்று கூற எனக்குச் சான்று இல்லை. ஆனால், சொல்லாமல் விட்டது என் குறை என்பதற்குச் சான்று வேண்டுவதில்லை.

ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன். பழைய பேக்கிங்கில் கல்நார் இருக்கலாம் என்றே கொள்ளுங்கள். உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், சுழலும் கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள், காற்றால் ஊதாதீர்கள். நன்றாக நனைத்து, தூள் எழாமல் மெல்ல நீக்கி, ஈரத்தோடு பையிலிட்டுக் கட்டுங்கள். நுண்தூளைத் தடுக்கும் தக்க முகக்கவசம் அணியுங்கள், கைக்குட்டை போதாது. புதியதைக் கல்நார் அற்றதாகக் கேட்டு வாங்குங்கள். பட்டறைகளில் இன்றும் ஊதிக்கொண்டிருக்கும் இளைஞரைக் கண்டால், மதிப்போடு, ஆனால் தயங்காமல், எடுத்துச் சொல்லுங்கள்.

வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். வெள்ளியங்கிரி மலைத்தொடரில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியைச் சேரும் நொய்யல், நம் கழிவுகளை ஏற்கெனவே போதிய அளவு சுமந்துவிட்டது. எண்ணெயை மூடிய கலத்தில் சேர்த்து, அதை முறையாகப் பெற்றுச் சுத்திகரிப்போரிடம் ஒப்படையுங்கள்.

என் கார் இன்றும் ஓடுகிறது. காலையில் வெளியே எடுக்கும்முன் அளவுகோலைப் பார்க்கிறேன். மூச்சுக்குழாயின் வாயையும் தடவிப் பார்க்கிறேன். குளவிகள் இன்னும் வரத்தான் செய்கின்றன. வகுப்பில் நீங்கள் படிக்கும் விதிகள் எல்லாம் உங்கள் வீட்டு முற்றத்திலும் செயற்பட்டுக்கொண்டிருக்கின்றன. கையில் எண்ணெய் படிந்தவரிடம் அவற்றைக் கேட்டறியுங்கள். நீங்கள் படித்தறிந்ததை அவருக்கும் சொல்லுங்கள். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் செய்தவன் என்ற முறையில் இதை உங்களிடம் வேண்டிக்கொள்கிறேன்.